15 நாள் சம்பளத்தில் ஒரு புதிய தொழில்

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 83-ஆம் பிரிவைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளி வேறு வேலை கற்றுக்கொள்வதற்காக ஒரு நிதியை அது ஏற்படுத்துகிறது. அவர் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில் 15 நாள் தொகையை நிறுவனம் கட்ட வேண்டும். 45 நாளுக்குள் அது அவர் கைக்குச் சேர வேண்டும். பழைய 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் வேறு வேலை கற்பதற்கென்று இந்த அளவுக்குக்கூட எதுவும் இல்லை. அதனால் வரவேற்கலாம். ஆனால் யாருக்கு, எவ்வளவு என்று ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு வரவேற்பது நல்லது.

சின்ன காஞ்சிபுரத்துத் தறியில் 15 நாள் என்பது, கோர்வை வைத்து ஓரளவு வேலைப்பாடுள்ள ஒரே ஒரு பட்டுச் சேலையை நெய்து அறுக்கும் காலம். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் ஊடையோடு ஊடை கோத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடா ஓடும், பக்கத்தில் ஓர் ஆள் துணைக்கு வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவர் தார் சுற்றுவதில் தொடங்கி, துணையாளாக உட்கார்ந்து, தனித்தறி ஏற வருடங்கள் ஆகின்றன. அதை விட்டு இன்னொரு தொழிலுக்குப் போக ஒரு சேலைக் காலம் போதும் என்று சட்டம் நினைக்கிறது.

நினைத்தாலும், நெசவாளிக்கு அந்த 15 நாளும் கிடையாது. தறி அவர் வீட்டுக் குழியில் இருக்கிறது. கூலி சேலைக் கணக்கில் வருகிறது. நியமனக் கடிதம் என்று ஒன்றை அவர் பார்த்ததில்லை. எனவே அவரை யாரும் வேலையை விட்டு நீக்குவதும் இல்லை. அடுத்த பாவு வராது, அவ்வளவுதான். 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 43.31 லட்சமாக இருந்த நெசவாளர், துணைத் தொழிலாளர் எண்ணிக்கை 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாக இறங்கியது. இடையில் போன 8 லட்சம் பேர் எந்த ஆட்குறைப்புப் பட்டியலிலும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டுதான் காஞ்சிபுரத்து வீடுகள் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைக்காமல் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டன. மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் இருக்கும் வேலை. பெற்றோர் எடுத்த முடிவில் தவறு காண எனக்கு மனமில்லை. ஆனால் அந்த பஸ் போய்ச் சேர்ந்த இடத்தின் கதையையும் பார்க்க வேண்டும்.

நோக்கியா தன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் நேரடியாகவே சுமார் 8,000 பேர், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள், பெண்கள் நிறையப் பேர். அங்கே செய்ததில் பெரும்பகுதி பட்டன் போன்கள். உலகம் தொடுதிரைக்கு நகர்ந்தது. கூடவே பெரும் வரி வழக்கு வந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் வெளியே விட்டுவிட்டது. அந்த வருடமே 5,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தார்கள். நவம்பர் 1-இல் ஆலை நின்றது. டிசம்பரில் பக்கத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் நிறுத்தியது. இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! அவர்கள் கற்றிருந்தது அந்த லைனில் அந்த ஒரு நிலையத்தின் வேலை. பூட்டிய அதே வளாகத்தில் 2020-இல் சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் செய்யத் தொடங்கியது. இடைப்பட்ட ஐந்து வருடத்தை அந்தத் தொழிலாளர்கள் தங்கள் செலவில் கழித்தார்கள்.

இங்கேதான் புதிய சட்டத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். அதில் ஆட்குறைப்புக்கான வரையறை விருப்ப ஓய்வை வெளியே தள்ளுகிறது. குறித்த காலத்துக்கு எடுக்கப்பட்டவரின் காலம் முடிந்து அனுப்புவதும் ஆட்குறைப்பு ஆகாது. நோக்கியாவில் நடந்தது நாளைக்கு இன்னோர் ஆலையில் நடந்தால், விருப்ப ஓய்வில் போகிறவர்களுக்கு 83-ஆம் பிரிவு ஒரு ரூபாய்கூடத் தராது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2021 செப்டம்பரில் மூடலை அறிவித்து 2022 ஜூலையில் கார் செய்வதை நிறுத்தியபோதும் பேச்சுவார்த்தை முழுக்க இழப்பீட்டுத் தொகையைச் சுற்றித்தான் நடந்தது. அடுத்து என்ன கற்பது என்பது தொழிலாளியின் சொந்தக் கவலையாகவே விடப்பட்டது.

அடுத்த மாற்றம் வாசலுக்கே வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையிலிருந்து 2025-இல் மின்சாரக் கிரெட்டா வெளிவந்தது. மின்சாரக் காரில் பிஸ்டன் இல்லை, சைலன்சர் இல்லை, எரிபொருள் பம்ப் இல்லை. ஒரகடம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளில் இவற்றை நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று யாராவது தெருத்தெருவாகக் கணக்கெடுக்க வேண்டிய நேரம் இது. ஆலை மூடிய பிறகு எடுத்தால் அது இரங்கல் குறிப்பாகத்தான் இருக்கும்.

பயிற்சித் திட்டங்கள்தான் இருக்கின்றனவே என்பார்கள். 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் சான்றிதழ் வாங்கியவர்களில் வேலை கிடைத்தவர் பாதியைத் தொடவில்லை. பயனாளிகளின் வங்கிக் கணக்கு விவரங்களே ஒழுங்காக இல்லை என்று தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையும் சொல்லிவிட்டது. நம் ஊர் ஊழல் மட்டும் இதற்குக் காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு அமெரிக்கா 1962 முதல் ஒரு மறுபயிற்சித் திட்டம் நடத்தியது. 2012-இல் வெளியான அரசு மதிப்பீடு, அதில் சேர்ந்தவர்கள் நான்காவது வருடத்திலும் சேராதவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள் என்று கண்டது. அவர்கள் வகுப்பில் உட்கார்ந்த காலத்தில் மற்றவர்கள் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டு முன்னே போய்விட்டார்கள்.

சரியாக நடந்த மாற்றத்துக்கு காஞ்சிபுரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. முன்பு ஒரு டிசைனுக்கு ஆயிரக்கணக்கான ஜக்கார்டு அட்டைகளைக் குத்தித் தறிமேல் தொங்கவிட வேண்டும். இப்போது மின்னணு ஜக்கார்டு அந்த வேலையைப் பென்டிரைவில் செய்கிறது. தறிச் சாமான்களின் விலையில் 90 சதவீதம் வரை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் இருக்கிறது. நெசவாளியின் கைவேலை அப்படியே இருப்பதால் புதுப் பெட்டியை அவரால் சீக்கிரம் பழகிக்கொள்ள முடிகிறது. தெரிந்த வேலையோடு ஒட்டி வந்த மாற்றம் என்பதால் அது நின்றது.

அதிலும் இரண்டு ஓட்டைகள். அட்டை குத்தியவர்களுக்கும் கட்டம்போட்ட தாளில் டிசைன் வரைந்தவர்களுக்கும் பிழைப்பு போனது. கணினியில் டிசைன் செய்யும் வேலை நெசவாளர் தெருவைத் தாண்டிப் போய்விட்டது. இன்னொன்று, பென்டிரைவில் இருக்கும் டிசைனை விசைத்தறியிலும் மாட்டலாம். அதைத் தடுப்பது 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஒன்றுதான். 22 ரகங்களுக்கு இருந்த பாதுகாப்பு 11 ரகங்களாகச் சுருங்கிவிட்டது. நெசவாளர் சேவை மையத்தில் பெட்டியை இயக்கக் கற்றுக்கொடுப்பது பாதி வேலை. டிசைன் போடவும் அதே தெருப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கும் கடையில் போய்ச் சோதனையும் செய்தால்தான் அந்தப் பயிற்சிக்குச் சோறு கிடைக்கும்.

ஆலைக்குப் போகும் பிள்ளைகள் விஷயத்தில் கேட்க வேண்டியது இன்னும் எளிது. வேலை இருக்கும்போதே, சம்பளத்தோடு, ஒரு லைனுக்கு மேல் கற்றுக்கொடுக்க வேண்டும். அதை எழுத்தில் தர வேண்டும். விருப்ப ஓய்விலும் காலம் முடிந்த ஒப்பந்தத்திலும் போகிறவர்களையும் 83-ஆம் பிரிவின் மறுதிறன் நிதிக்குள் சேர்க்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதுவரை, கம்பெனி நீட்டும் நியமனக் கடிதத்தில் சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் "குறித்த கால வேலை" என்ற வரி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இருந்தால், காலம் முடிந்து அனுப்பும்போது அந்த 15 நாள் சம்பளமும் இல்லை.