குதிகால் திருப்பம்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மகனுக்குக் கம்பளி சாக்ஸ் பின்னினேன். ஒன்று அவனுக்குச் சரியாக இருக்கிறது, மற்றது அவன் அப்பாவுக்கு! இரண்டிலும் கண்ணி எண்ணிக்கை ஒன்றுதான். எங்கே தப்பு?"

தப்பு கையில், அம்மா. அங்குலத்துக்கு 8 கண்ணி விழுகிற கைக்கு 64 கண்ணி 8 அங்குலச் சுற்றளவு. இரண்டாவதை ஒரு மாதம் கழித்துத் தொடங்கியிருப்பீர்கள், பிடி தளர்ந்திருக்கும். அங்குலத்துக்கு 7 விழுந்தால் அதே 64 கண்ணி 9 அங்குலத்தைத் தாண்டிவிடும். என் கையெழுத்தே மாறிவிட்டதென்று வங்கியில் காசோலையைத் திருப்பியிருக்கிறார்கள். நூல் பிடிக்கிற கை மட்டும் மாறாதா?

நானும் சும்மா பேசவில்லை. என் முதல் சாக்ஸில் தொடக்க வரிசையை இறுக்கிப் போட்டுவிட்டு, குதிகாலில் சிக்கியதை முக்கி முனகிக் கழற்றினேன். அடுத்ததைப் பருத்தி நூலில் பின்னினேன். பருத்திக்குக் கம்பளி போல மீண்டு சுருங்கும் குணம் இல்லை. பத்தடி நடப்பதற்குள் கணுக்காலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் என்னை மயக்கியது குதிகால்தான். குழாய் வேலை செய்பவர் திருப்பத்துக்கு ஒரு எல்போவை மாட்டிவிடுவார். பின்னுகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஒரே நூலில், வெட்டாமல், தைக்காமல் சாக்ஸ் என்கிற குழாயை வளைக்க வேண்டும். 64 கண்ணியில் முன்பக்கத்து 32 ஊசியிலேயே சும்மா கிடக்க, பின்பக்கத்து 32இல் மட்டும் போய்த் திரும்பி ஒரு பட்டை பின்னுகிறோம். அப்புறம்தான் வேடிக்கை. வரிசையின் முடிவுக்குப் போகாமல் நடுவைக் கொஞ்சம் தாண்டியதும் இரண்டு கண்ணியை ஒன்றாக்கித் திரும்பிவிட வேண்டும். அந்தப் பக்கமும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணி கூடுதலாக எட்டிப் போக, பட்டை உள்ளங்கை போலக் குழிந்துகொள்ளும். முடிகையில் 32 கண்ணி 18 ஆகியிருக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடுகிறது அல்லவா? குதிகால் பக்கத்துக்கும் அப்படித்தான் கூடுதல் வரிசைகள். அதனால் குழாய் முன்பக்கமாக மடங்குகிறது. கிரிக்கெட் வர்ணனையில் காதை வைத்துக்கொண்டு திரும்ப மறந்தேன் ஒருமுறை. குதிகால் கணுக்காலின் பக்கவாட்டில் முளைத்தது.

எந்திரத்துக்கும் முதலில் இந்தக் குழாய் வரவில்லை. 1589இல் வில்லியம் லீ இங்கிலாந்தில் காலுறை பின்னும் எந்திரம் செய்தார். அது தட்டையாகத்தான் பின்னியது. ஓரங்களை மனிதக் கைதான் சேர்த்துத் தைத்தது.

இப்போது கடை சாக்ஸில் குதிகால் ஓட்டை விழுந்த அன்றே குப்பைக்கூடை. பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் இழையோட்டக் கற்றுக்கொண்ட தலைமுறைகூட ஊசியைத் தேடுவதில்லை. அந்தக் காலத்தில் பழைய ஸ்வெட்டரை அவிழ்த்து, ஆவியில் காட்டிச் சுருள் எடுத்து, அதே நூலில் குல்லாய் பின்னினார்கள்.

பெரிய சாக்ஸை அவிழ்த்துவிடுங்கள், அம்மா. இனி ஒன்றை முடித்த அன்றைக்கே அடுத்ததைத் தொடங்குவது நல்லது. நான் அவிழ்க்கவில்லை. பக்கவாட்டுக் குதிகாலுக்குள் பேரன் பந்தைப் போட்டு மாமரத்தில் கட்டி, தினமும் மட்டையால் அடித்துப் பழகுகிறான்.