சண்டைக்குள் இருக்கும் தாளம்

மாசி மாதத்தில் லிந்துலை போன்ற மலையகத் தோட்டப் பகுதிகளில் காமன் கூத்து நடக்கும்போது, ஆடுகிறவரின் காலை நடத்துவது தப்பு என்ற பறை. அடி மாறினால் கால் மாறும்; அடி நின்றால் உடம்பும் அப்படியே நிற்கும். இதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஜாக்கி சானின் நகைச்சுவைச் சண்டைப் படங்கள் அந்நியமல்ல. குத்துச்சண்டை மேடையோடு சேர்த்துப் பார்க்கிறோமே தவிர, அந்தப் படங்களின் தாய்வீடு கூத்துமேடைதான்.

1978இல் வெளிவந்த ‘ட்ரங்கன் மாஸ்டர்’ இதற்கு நல்ல சான்று. அதன் நாயகன் வொங் ஃபெய் ஹுங் உண்மையில் வாழ்ந்த மருத்துவர், தற்காப்புக்கலை ஆசான். 1949 முதல் பல படங்களில் குவான் தக் ஹிங் அவரை நிதானமான பெரியவராகவே நடித்துக் காட்டியிருந்தார். இயக்குநர் யூன் வூ பிங் அந்தப் பெரியவரைப் பயிற்சிக்குக் கள்ளமடிக்கும் குறும்புக்காரப் பொடியனாக்கினார். அந்த வேடம் ஏற்ற ஜாக்கி சான் சிறுவயதிலேயே ஹொங்கொங்கில் பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் சேர்க்கப்பட்டவர். பாட்டு, குட்டிக்கரணம், ஆயுதவீச்சு எல்லாம் அங்கே ஒரே பாடம். அந்த மேடையில் ஒவ்வொரு அசைவையும் சேகண்டியும் தாளமும் முடித்துவைக்கும். படத்தின் சண்டையிலும் அதே கணக்கு: நாலைந்து அடி மளமளவென்று விழும், ஒரு கணம் அசைவற்ற நிறுத்தம், மறுபடி அடி. சிரிப்பு பிறப்பது அந்த நிறுத்தத்தில்.

குடிபோதையில் தள்ளாடுவதுபோல் சண்டையிடும் இந்தப் படத்தின் பாணியிலும் கணக்கு உண்டு. நிற்கிறவரின் பாரம் இரு பாதங்களுக்கும் நடுவே இறங்குகிறது. அது பாதங்களின் எல்லையைத் தாண்டிச் சாய்ந்தால் விழவேண்டியதுதான். விழுமுன் அடுத்த கால் போய்த் தாங்கவேண்டும். இந்த ஆட்டக்காரர் வேண்டுமென்றே எல்லையைத் தாண்டி, கடைசிக் கணத்தில் காலை வைக்கிறார். எதிராளி குறிவைத்த இடத்தில் ஆள் இருப்பதில்லை. நிஜமாக விழும்போதோ கை, தோள், முதுகு என்று உருண்டு, மோதலை அதிக நேரத்துக்கும் அதிக இடத்துக்கும் பங்கிடுகிறார். அதனால் எந்த ஓரிடத்திலும் அடி பலமாக விழுவதில்லை.

எல்லாம் கமராவின் வித்தைதானே என்று கேட்கலாம். சில இடங்களில் படச்சுருளை மெதுவாக ஓட்டிப் பிடித்து, திரையில் வேகம் கூட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் தலை முதல் கால்வரை தெரியும்படி, வெட்டாமல் நீளும் காட்சியில் உடம்பின் தாளத்தைக் கமரா உண்டாக்கித் தர முடியாது. ஒல்லிப் பையன், படத்தில் வருவதுபோல், தேர்ந்த கொலைகாரனை வெல்வானா என்பது இன்னும் வலுவான கேள்வி. எடை முக்கியம் என்பதால்தான் குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகள் இருக்கின்றன. படமும் அதை மறுக்கவில்லை. தான் கற்ற கலை இருந்தும் நாயகன் பலமுறை அடிவாங்குகிறான். அவனுடைய ஆசான் சொல்லித்தரும் எட்டுத் தேவர்களின் பாணிகளில், ஹோ என்ற பெண்தேவதையின் பாணியை மட்டும் பெண்ணாட்டம் என்று ஒதுக்கிவிடுகிறான். கடைசிச் சண்டையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நெளிந்து, குழைந்து, கற்காத ஆட்டத்தை அந்த இடத்திலேயே தானே கட்டிக்கொள்கிறான். காமன் கூத்தில் ரதியாக ஆண்களே சேலை கட்டி, ஒரு தப்படிக்கும் பிசகாமல் ஆடிவந்த மலையகத்தில் அந்த ஆட்டத்தின் கடினத்தைக் கண்டுகொள்ளப் பலர் இருப்பார்கள்.