தாய்ப்பால் குழந்தை எடை போடலையா? சார்ட் சொல்றதைக் கேளுங்க!

“பக்கத்து வீட்டுக் குழந்தை கொழுகொழுன்னு இருக்கு, உன் பிள்ளை ஏன் இப்படி? பால் பத்தலையோ?” நாலாவது மாதத்தில் பல அம்மாக்கள் கேட்கும் பேச்சு இது. அடுத்த நாளே பவுடர் பால் டப்பா வீட்டுக்கு வந்துவிடும்.

உண்மையில், தாய்ப்பால் குழந்தைகள் முதல் இரண்டு, மூன்று மாதங்கள் வேகமாக எடை கூடி, பிறகு பவுடர் பால் குழந்தைகளைவிட மெதுவாகக் கூடுவது இயல்பு. பழைய வளர்ச்சி அட்டவணை, பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்டது. அதில் நம்ம குழந்தை ‘எடை குறைவு’ மாதிரி தெரிந்ததில் ஆச்சரியமில்லை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் தாய்ப்பால் குழந்தைகளை அளந்து, 2006-ல் உலக சுகாதார நிறுவனம் புது அட்டவணை வெளியிட்டது.

சரி, தாய்ப்பால் குடித்தால் பின்னாளில் உடல் பருமன் வராதா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. பெலாரஸில் 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வில், ஊக்குவிப்பு கிடைத்த அம்மாக்கள் கூடுதல் காலம் பால் கொடுத்தார்கள். ஆனாலும் அந்தக் குழந்தைகளுக்குப் பதினொன்றரை வயதில் உடல் கொழுப்பு குறைந்திருக்கவில்லை. தொற்றுநோய்த் தடுப்பு போன்ற பலன்கள் வேறு கணக்கு.

எடைக்கோடு தன் வளைவிலேயே ஏறினால் பக்கத்து வீட்டை விட்டுவிடுங்க. கோடு படுத்தாலோ, சிறுநீர் போவது குறைந்தாலோ உடனே குழந்தைகள் டாக்டரைப் பாருங்க.