மஞ்சள் எலியின் உள்ளங்கால்

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் கடைத்தெருவாகிவிடும். ருத்திராட்சம், ஸ்படிகம், பஞ்சலோகம் என்று சொல்லி விற்கும் மோதிரம், சுண்டல். இவற்றுக்கு நடுவே தார்ப்பாய் விரித்து பிளாஸ்டிக் பொம்மைகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். கிளறினால் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு மஞ்சள் உருவம் அகப்படலாம். சிவந்த கன்னம், கறுத்த காது நுனி. பிகாச்சு. கடைக்காரருக்கு அது மஞ்ச எலி. பக்கத்தில் கிடக்கும் சார்மாண்டர் பல்லி. குழந்தைக்கு வாங்குவதுபோல வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் முப்பது வயதுக்காரர்கள் உண்டு. பிகாச்சு வரும் போக்கிமான் தொடர் 2003-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தபோது பள்ளிப் பையை மூலையில் எறிந்துவிட்டு டிவி முன் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள இந்த உருவங்கள் இணையக் கடைகளில் 144 கொண்ட பாக்கெட்டாகக் கிடைக்கின்றன. 144 என்றால் பன்னிரண்டு டஜன், மொத்த வியாபாரத்தில் ஒரு குரோஸ். போக்கிமானின் முதல் தலைமுறையில் இருப்பதோ 151 உருவங்கள். அதனால் பாக்கெட்டே வாங்கினாலும் கணக்கு நேராகாது. போதாததற்கு, ஒரே உருவம் இரண்டு மூன்று கிடக்கும், பிற்காலத்து உருவங்களும் கலந்திருக்கும். மிஞ்சியதை இன்னொருவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

போக்கிமான் உருவானதே இந்தப் பண்டமாற்றை நம்பித்தான். அதைப் படைத்த சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர்; தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்த நம்மூர்ப் பையன்களுக்கு ஜப்பானியப் பங்காளி. 1996 பிப்ரவரியில் கேம்பாய் என்ற கையடக்கக் கருவிக்காக சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகளாக விளையாட்டு வெளிவந்தது. சிவப்பில் சில உருவங்கள் கிடைக்காது, பச்சையில் வேறு சில கிடைக்காது. இரண்டு கருவிகளையும் கேபிளால் இணைத்து மாற்றிக்கொண்டால்தான் எல்லாம் சேரும். தொலைக்காட்சித் தொடர் அதற்கு அடுத்த ஆண்டுதான்.

இனி பொம்மையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பொருள் பிவிசி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதுதான், இயல்பில் விறைப்பானது. பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலப்பதால் நகத்தால் அழுத்தினால் அமுங்கும் பதத்துக்கு வருகிறது. அதை உருக்கி, இரண்டு பாதியாகப் பிரியும் எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். குளிர்ந்ததும் அச்சு திறக்கும், பொம்மை வெளியே வரும். பிகாச்சுவின் காதிலிருந்து தோள், விலா வழியாகக் கால்வரை மெல்லிய கோடு ஒன்று ஓடுவதை விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். இரண்டு பாதிகளும் சந்தித்த இடம் அது. உள்ளங்காலிலோ வேறெங்கோ சின்ன மேடு இருந்தால், பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாய் அதுவாக இருக்கும்.

மலிவான பிகாச்சுவின் கைகள் ஏன் வயிற்றோடு ஒட்டியே இருக்கின்றன? கையை விலக்கினால் அதன் இடுக்கில் அச்சு மாட்டிக்கொள்ளும். அச்சில் கூடுதல் துண்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் கையைத் தனியாக வார்த்து ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் காசு செலவாகும். பொம்மை சாதுவாகக் கைகட்டி நிற்பதற்குக் காரணம் கஞ்சத்தனம்.

கண் வரைவது தனி வேலை. தகட்டில் செதுக்கிய பள்ளத்தில் மையை நிரப்பி, மெத்தென்ற சிலிக்கோன் திண்டால் ஒற்றி எடுத்து, முகத்தில் பதிப்பார்கள். திண்டு வளைந்து கொடுப்பதால் உருண்டை முகத்திலும் மை சீராகப் படியும். பேட் பிரிண்டிங் என்பது இதைத்தான். அரை மில்லிமீட்டர் விலகினாலும் மாறுகண் விழும். முதுகில் இருக்க வேண்டிய இரண்டு பழுப்புப் பட்டைகளும் பல மலிவுப் பொம்மைகளில் இருக்காது. ஒரு நிறம் குறைந்தால் ஒரு கை வேலை மிச்சம்.

உரிமம் பெற்ற உருவங்களை ஜப்பானின் டோமி நிறுவனம் 1990-களிலிருந்து செய்துவருகிறது. அவை சுமார் நான்கு சென்டிமீட்டர் இருக்கும், உடம்பில் எங்காவது பொடி எழுத்தில் காப்புரிமை வரி இருக்கும். அசல் பொம்மையையே மாதிரியாக வைத்து அச்செடுத்த நகல் ஒரு சுற்று சிறுத்திருக்கும். வார்த்த பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். சுருங்கியதிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்தால் மறுபடி சுருங்கும். விரல் நகம், பல் போன்ற நுணுக்கங்களும் மழுங்கிவிடும். நகலை நகல் என்று தெரிந்து பத்து ரூபாய்க்கு வாங்குவதில் தவறில்லை என்பது என் கட்சி. அசலின் விலை கொடுத்து வாங்குவதுதான் ஏமாளித்தனம்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இறக்குமதி வரியும் 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-ஆகவும், 2023-இல் 70-ஆகவும் ஏறியது. பாக்கெட்டே இல்லாமல் தார்ப்பாயில் கிடக்கும் பொம்மையில் முத்திரையை எங்கே தேடுவது? ஆகவே வாயில் வைக்கும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தச் சேகரிப்பு அலமாரியின் மேல்தட்டுக்குப் போகட்டும். 31.7 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள உருளை ஒன்றைப் பொம்மைச் சோதனையில் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் பொருள் மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களின் பொம்மையாக இருக்கக் கூடாது. நம் பிகாச்சு அதற்குள் சுலபமாக அடங்கிவிடும்.

சேர்த்ததைக் காப்பாற்றுவதில் திருவண்ணாமலை வெயில் பெரிய எதிரி. சூட்டில் பிளாஸ்டிசைசர் மெல்ல மேலே கசியும். பொம்மை பிசுபிசுக்கும், தூசி அப்பும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும். காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தால் பிசுபிசுப்பு கூடும். கண்ணாடி போலத் தெரியும் பாலிஸ்டைரீன் டப்பாவும் வேண்டாம், கசியும் எண்ணெய் அதையே இளக்கிப் பொம்மையை ஒட்டவைத்துவிடும்.

மூட்டையில் நசுங்கிய பொம்மையின் மின்னல் வால் கோணியிருந்தால் தூக்கிப் போட வேண்டாம். கொதிக்க வைத்து இறக்கிய நீரில் சில நொடிகள் முக்கினால் வால் இளகும், பாதி தானாகவே வார்த்த வடிவத்துக்குத் திரும்பும். மீதியை விரலால் நிமிர்த்திப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் விட்டால் அப்படியே நிற்கும். இடுக்கியால் பிடித்து முக்குவது நல்லது. நீரின் சூடு பொம்மையைவிட விரலுக்குத்தான் ஆகாது.