குப்பத்தில் கூடிய சபை

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விடியற்காலையில் படகுகள் வந்து சேர்ந்ததும், தரையில் குவித்த மீனைச் சுற்றி நின்று ஏலம் கூறும் குரல்களைக் கேட்டவர்களுக்கு அவற்றின் தாளக்கட்டு தெரிந்திருக்கும். ஆனால் அக்குரல்களுக்கு உரியவர்கள் புதுச்சேரியின் கலையரங்குகளில் முன்வரிசையில் அமர்ந்திருக்க நான் கண்டதில்லை. தடுப்பார் எவருமில்லை; எனினும், ‘இது நமக்கான இடமன்று’ என்னும் எண்ணம் வாசற்படியிலேயே காவல் நிற்கிறது.

2015இல் சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து தொடங்கிய கலைவிழாவின் விசேஷம், மீனவரைச் சங்கீத சபைக்கு அழைத்துப் போகாமல், சபைக்குப் போய்ப் பழகியவர்களைக் குப்பத்துக்கு வரவழைத்ததே. கர்நாடக இசையும் பரதநாட்டியமும் ஏறிய மேடையில் பறையாட்டமும் கட்டைக்கூத்தும் சம அந்தஸ்தோடு ஏறின. ஏழைகளுக்குச் சங்கீதத்தைத் தானம் செய்வதா என்று சிலர் ஆட்சேபித்தனர். கச்சேரி மட்டுமே நடந்திருந்தால் நானும் ஆட்சேபித்திருப்பேன். இங்கோ குப்பத்தார் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தினர். கிருஷ்ணாவுக்கு 2016இல் மகசேசே விருது கிடைத்ததற்கு இத்தகைய பணியே காரணம்.

கிருஷ்ணா, ஜெயராமன் இருவரின் தோழமையில் 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. ஏரி, மேய்ச்சல் தரை, கடற்கரை என எவர் ஒருவருக்கும் சொந்தமாகாமல் ஊர்ப்பொதுவாக நின்ற நிலத்தைக் குறித்த ‘புறம்போக்கு’ என்ற சொல், நாளடைவில் மனிதரை ஏசும் வசையாகிவிட்டது. அந்த வசையையே எடுத்து, கபேர் வாசுகி சென்னைத் தெருத் தமிழில் எழுத, கிருஷ்ணா ஆனந்தபைரவி, பேகடா முதலிய ராகங்களில் அதைப் பாடினார். அனல்மின் நிலையச் சாம்பலால் எண்ணூர்க் கழிமுகம் தூர்ந்து மீனவர் பிழைப்பு நலிந்த துயரம், மனு எட்டாத செவிகளுக்கும் அதனால் எட்டியது.

தேங்காய்த்திட்டிலும் கழிமுகம் உண்டு, அலையாத்தி மரங்கள் உண்டு. முகத்துவாரம் மணலால் அடைபட்டுப் படகுகள் கரையிலேயே நிற்கும் நாட்களில், வலையைப் பழுதுபார்த்தபடி ஆண்களும், வெற்று அன்னக்கூடையோடு பெண்களும் பேசும் பேச்சில் ஒரு நாடகத்துக்குரிய பொருள் முழுவதும் இருக்கிறது. நாடகத்தையே வாழ்வாகக் கொண்ட சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்ததும் இந்தப் புதுச்சேரியில்தான். மீன் விற்று முடிந்தபின் கழுவிவிட்ட ஏலக்கூடம் மாலையில் சும்மாதான் கிடக்கிறது. ஒரு விளக்கும் சில பாய்களும் போதும், அங்கே முதல் ஒத்திகையைத் தொடங்கலாம்.