"பரவிட்டுதோ?" எண்டு அம்மா கேட்டபோது

இந்தக் கிழமை எபிசோட்டில் ஸ்கான் ரிப்போட்டுகளை ஏ.ஐ. வாசிப்பதைப் பற்றிக் கதைத்தோம். அங்கே நான் சொல்லாமல் விட்டது இது.

பித்தப்பைக் கல்லுக்கெண்டு அப்பாவுக்கு எடுத்த சி.ரி. ஸ்கானின் ரிப்போட், டொக்டர் கூப்பிட முதலே என்ர போனுக்கு வந்துவிட்டது. வலது கிட்னியில் 8 சென்ரிமீற்றர் கட்டி, சிரைக்குள்ளும் வளர்ந்திருக்கிறது. "என்ன தம்பி, பரவிட்டுதோ?" எண்டு அம்மா கேட்டா. ஏ.ஐ.யிடம் கேட்டேன், ஓம் எண்டது. நானும் "ஓம் அம்மா" எண்டு சொல்லிவிட்டேன். அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டா.

நான் விட்ட பிழை அதுதான். நுரையீரல், எலும்பு எண்டு தூரத்தில் போய் முளைப்பது வேறு, இருந்த இடத்திலிருந்து பக்கத்துக்கு வளர்வது வேறு. தமிழில் நான் ரெண்டுக்கும் "பரவுறது" எண்டுதான் சொல்லுவேன்.

கிட்னியைச் சுற்றிக் கொழுப்பு, அதற்கு வெளியே ஜெரோட்டா எண்ட உறை. கட்டி அந்த உறையைத் தாண்டினால், அல்லது கிட்னிக்கு மேல் தொப்பி போல இருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குள் நேராக வளர்ந்தால், டி4 எண்டு எழுதுவார்கள். வலப்பக்கத்து அயலட்டை ஈரலும் முன்சிறுகுடலும்; இடப்பக்கம் மண்ணீரல், கணையத்தின் வால்.

ஆனால் கிட்னிக் கட்டிக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. கிட்னியின் சிரைக்குள் நுழைந்து, அங்கிருந்து இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரைக்குள் கொடி மாதிரி ஏறும். சிலருக்கு இதயத்தின் வலது மேலறை வரைக்கும் போகும். கால் வீங்கலாம். துண்டொண்டு கழன்று நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இடது கிட்னி எண்டால் ஆண்களுக்கு விதைப்பையில் சிரைகள் புடைக்கலாம், ஏனெண்டால் இடது விதையின் சிரை போய்ச் சேருவது அந்தக் கிட்னிச் சிரையில்தான். (பொடியள், வெட்கப்படாமல் டொக்டரிடம் காட்டுங்கோ.)

பலருக்கு இந்தக் கொடி சிரையின் சுவரில் ஒட்டாமல் உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் கிட்னியோடு சேர்த்து அதையும் வெளியே எடுக்கலாம். தூரத்தில் எங்கும் பரவாதவர்களில் சிலர் முற்றாகவே சுகமாகிறார்கள். எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒப்பரேஷன். இதயம் வரை போயிருந்தால் இதய-நுரையீரல் மெஷினும் தேவைப்படலாம்.

டொக்டர் பேப்பரில் படம் கீறிக் காட்டினார். அம்மா அதில் விரலை வைத்து, "எதுமட்டும் ஏறியிருக்கு?" எண்டு கேட்டா. நான் ஏ.ஐ.யிடம் கேட்காத கேள்வி. கிட்னியின் சிரையைத் தாண்டவில்லை, டி3ஏ.

அப்பாவுக்கு இப்ப ஒரு கிட்னிதான். அடுத்த ஸ்கான் வாற மாதம். ரிப்போட் போனுக்கு வந்தாலும், டொக்டர் கூப்பிடுமட்டும் திறக்கிறதில்லை எண்டு அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.