டிராக்டர் சக்கரத்துக்கு ஸ்பேசர்: மாட்டும் முன் கவனிக்க வேண்டியவை

சென்ற பட்டத்தில் பூவிருந்தவல்லி பக்கம் ஒரு கத்தரி வயலுக்குப் போயிருந்தேன். ஊடுழவு ஓட்டிக்கொண்டிருந்த டிராக்டரின் பின் சக்கரம் தள்ளாடியது. நிறுத்திப் பார்த்தால், இரண்டு ஸ்டட் முறிந்திருந்தன. மற்ற நட்டுகள் மூன்று, நான்கு மரையில்தான் பிடித்திருந்தன. செடி மேல் சக்கரம் ஏறுகிறதே என்று, லேத்தில் ஓர் இரும்பு வளையம் கடைந்து ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே மாட்டியிருக்கிறார் அந்த விவசாயி. மறுநாள் அதே வண்டி டிரெய்லரில் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் போக இருந்தது.

செலவில்லாத வழி முதலில்

வரிசைக்கு வரிசை 60 செ.மீ. விட்டு நட்ட பயிரில், பின் சக்கரங்களின் நடுவுக்கு நடு 120 அல்லது 180 செ.மீ. இருந்தால் டயர் சரியாக இடைவெளியில் ஓடும். இந்த அகலத்தை மாற்றும் வசதி பெரும்பாலான டிராக்டர்களின் சக்கரத்திலேயே இருக்கிறது. நடுவிலுள்ள டிஸ்க்கைத் திருப்பியோ, ரிம்மில் அது பொருந்தும் பக்கத்தை மாற்றியோ அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இடது சக்கரத்தை வலப்புறமும், வலது சக்கரத்தை இடப்புறமும் திருப்பாமல் அப்படியே மாற்றினாலும் அகலம் மாறும். டயர் பட்டனின் திசையும் கெடாது. உங்கள் வண்டிக்கான அளவுகள் கையேட்டில் படத்துடன் இருக்கும்.

வளையத்தில் என்ன ஆபத்து?

வெறும் வளையம் எவ்வளவு தடிமனோ, ஸ்டட்டில் அவ்வளவு மரை குறைந்துவிடும். நட்டு பிடிக்கும் மரை, குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவாவது இருக்க வேண்டும். இன்னொன்று, நீர் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள அச்சும் பேரிங்கும் கூடுதல் பாரம் தாங்க வேண்டும்.

ஸ்பேசர் வேண்டியே ஆக வேண்டுமென்றால், தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு அனுமதித்த, தனி ஸ்டட்டுகள் கொண்ட ஒரே துண்டு ஸ்பேசரை மட்டும் வாங்குங்கள். இரண்டை அடுக்கவோ, வாஷர் போட்டு ஈடுகட்டவோ கூடாது.

மாட்டும் முறை

* சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, கருவியை இறக்கி, இன்ஜினை அணைத்து, பிரேக் போடுங்கள். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். முன் அச்சு ஊசலாடும் என்பதால் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே மர ஆப்பு வையுங்கள்.
* சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல் உதவாது.
* டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் எடை மிக அதிகம். தனி ஆளாகக் கழற்றாதீர்கள்.
* ஹப், ஸ்பேசர், டிஸ்க் ஒட்டும் முகங்களில் துரு, சேறு, பெயின்ட் இருக்கக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள்.
* முதலில் ஸ்பேசரை ஹப்பில் இறுக்கி, பின் சக்கரத்தை மாட்டுங்கள். எதிரெதிர் நட்டுகளாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். கடைசி இறுக்கத்தை டார்க் ஸ்பேனரால் கையேட்டு அளவுக்குக் கொடுங்கள். ஸ்பேனரில் பைப் சொருகி மிதித்தால் ஸ்டட் இழுபட்டுவிடும்.
* ஒரு மணி நேரம் ஓட்டியதும் மறுபடி இறுக்குங்கள். 10 மணி நேரத்தில் இன்னொரு முறை. அதன்பின் தினமும் காலையில் பாருங்கள். நட்டுக்கும் டிஸ்க்குக்கும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டால், தளர்ந்தது கண்ணில் படும்.

சாலைக்குப் போகும் முன்

தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரலாம். ஆகவே ஊடுழவு முடிந்ததும் ஸ்பேசரைக் கழற்றி, பழைய அகலத்துக்கு மாற்றிய பிறகே டிரெய்லரை இணையுங்கள்.

வரிசை அளவும் சக்கர அகலமும் ஒத்துப்போகவில்லை என்றால், அடுத்த பட்டத்தில் நடவு அளவை மாற்றுவது இன்னும் எளிது. நாற்று நடும் முன்பே டேப் எடுத்து உங்கள் டிராக்டரை அளந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ கேளுங்கள்.